மேப்பிளுக்கு நின்ற ஜாமீன்

பங்காருபாளையத்து இஸ்ரேல் கோடாலியோடு தன் மாந்தோப்புக்குள் நுழைந்தால் மரம் வெட்டத்தான் போகிறான் என்று நினைத்துவிடக் கூடாது. வருஷப்பிறப்பு ஆராதனை முடிந்த மறுநாள் காலையில், போன வருஷம் காய்க்காமல் ஏமாற்றிய மரம் எதுவோ அதன் முன்னால் போய் நிற்பான். கோடாலியின் மொண்ணைப் பக்கத்தால் அடிமரத்தில் ஓங்கி ஒன்று போடுவான். "காய்ப்பியா, மாட்டியா?" மரம் பேசாது. இன்னொன்று போடுவான். "காய்ப்பியா, மாட்டியா?" அதற்கும் பேசாது. அப்புறம் கோடாலியைத் திருப்பிப் பிடித்து, கூர்ப்பக்கத்தை ஓங்குவான். அந்த நேரத்தில் மரத்துக்குப் பின்னால் நிற்கிற அவன் பெண்டாட்டி ஜெமிமா குரல் கொடுக்க வேண்டும். "வெட்டாதே! வர்ற வருசம் காய்க்கும். நான் ஜாமீன்."

கோடாலி இறங்கிவிடும். மரம் பயந்துபோய் அந்த வருஷம் காய்க்கும் என்று நம்பிக்கை. இஸ்ரேலின் அப்பன் செய்தான், பாட்டன் செய்தான், இவனும் செய்கிறான். சபைப் போதகர் இது அஞ்ஞானம் என்று இரண்டு தடவை கண்டித்துப் பார்த்தார். மூன்றாம் தடவை அவர் வீட்டுக்கு ஒரு கூடை பங்கனபள்ளி போனது, கண்டிப்பு நின்றது.

இருபத்துமூன்று வருஷமாக ஜெமிமா ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் புருஷனை 'ங்க' போடாமல் பேசலாம். மற்ற நாட்களில் அப்படிப் பேசினால் என்ன ஆகும் என்பது அவள் இடது தோள்பட்டை எலும்புக்குத் தெரியும். அது ஒடிந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொன்னாள்.

மரத்துக்குச் சொல்லிப் பழகிய வாய் மனுஷருக்கும் சொல்லிற்று. மருந்தடிக்க வந்த கூலிக்காரனை இஸ்ரேல் அடித்தபோது, "உடுங்க, நாளைக்கு ஒழுங்கா செய்வான், நான் ஜாமீன்" என்றாள். அதற்குள் அந்த ஆளின் முன்பல் இரண்டு போயிருந்தது. ஸ்டேஷன்வரை போன அந்த விவகாரத்தில், "இனிமே கை நீட்ட மாட்டாரு சார், நான் ஜாமீன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். இஸ்ரேலின் தம்பி கிளாட்வினுக்கு அவள் நின்ற ஜாமீனுக்குக் கணக்கே இல்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பதினைந்து வயது. அண்ணன் பெல்ட்டைக் கழற்றினால் அண்ணி முதுகுக்குப் பின்னால்தான் ஓடி வருவான்.

கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று சொல்லிச் சொல்லியே நம் ஜனங்கள் இப்படிப்பட்ட ஆம்பளைகளை வளர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குணம் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று யாரும் திறந்து காட்டியதில்லை.

கல்யாணமான மூன்றாம் வருஷம் ஒன்று நடந்தது. மரத்தை மிரட்டி முடித்த இஸ்ரேல், கோடாலியைக் கீழே வைக்காமல் அப்படியே ஜெமிமா பக்கம் திரும்பினான். "நீ எப்போ காய்ப்பே?" என்றான். கூலிக்காரர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் கோடாலியை ஓங்கியே பிடித்திருந்தான். ஜெமிமா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. "வர்ற வருசம்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். அந்த வருஷமும் காய்க்கவில்லை, அப்புறமும் காய்க்கவில்லை.

மேப்பிள் மரம் அந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. கிளாட்வின் திருப்பதியில், அலிபிரிக்குப் போகிற சாலையில் நர்சரி வைத்திருக்கிறான். இமாச்சலத்துப் பக்கம் செடி வாங்கப் போனவன் சுண்டுவிரல் கனத்தில் இரண்டு மேப்பிள் நாற்று கொண்டுவந்தான். மூன்று முனையுள்ள இலை, வாத்துக் கால் மாதிரி. "குளிர்ப் பிரதேசத்து மரம்ணா. நம்ம வெயிலுக்கு நிக்காது. சும்மா வெச்சுப் பார்க்கலாம்னு எடுத்தாந்தேன்" என்றான். நிற்காது என்று இஸ்ரேலிடம் சொல்லலாமா? ஒன்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

வேர் ஆழமாக இறங்காமல் நாலு பக்கமும் பரவ வேண்டும் என்று, ஓட்டுச் சில்லு ஒன்றை அடியில் வைத்துத் தரையில் நட்டான். நாலு வருஷத்தில் தண்டு முழங்கை கனம் ஆனதும், ஒரு சாணுக்கு மேலே ரம்பத்தால் அறுத்து எறிந்தான். மொட்டைக் கட்டையிலிருந்து துளிர்த்த கிளைகளில் நாலை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளி, போன்சாய் என்கிற குட்டை மரமாகத் தொட்டிக்கு மாற்றினான். மோட்டார் காயில் கட்டுகிற கடையிலிருந்து செம்புக் கம்பி வாங்கிவந்து கிளைகளில் சுற்றி, நாளுக்கு ஒரு மயிரிழையாக வளைத்தான். கம்பி பட்டையைக் கடிக்கும் முன்னால் அதைத் துண்டு துண்டாகக் கத்தரித்து எடுக்க வேண்டும், பிரித்து எடுத்தால் கிளை முறியும். மனுஷன் பல்லை உடைக்கிற அந்தக் கை, கம்பியை எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும். என்னைக்காவது என் தலைமயிரை இப்படித் தொட்டிருக்கிறாரா என்று ஜெமிமாவுக்கு வயிறு எரியும்.

மேப்பிளுக்கு இலை உதிர்ந்த பிறகு இரண்டு மாசக் குளிர் வேண்டும். இல்லாவிட்டால் வருஷா வருஷம் தேய்ந்து, தூங்காமலே செத்துப்போகும். பங்காருபாளையத்தில் குளிருக்கு எங்கே போவது? சித்தூரில் புளி வைக்கிற கோல்டு ஸ்டோரேஜ் இருக்கிறது. அங்கே இஸ்ரேலுக்குத் தெரிந்த ஆள் உண்டு. டிசம்பர் பத்தாம் தேதி மரம் புளி மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்காரும், பிப்ரவரி பத்தாம் தேதி திரும்பி வரும். வரும்போது மரமெல்லாம் புளி வாசனை அடிக்கும். "இன்னா ஜெமிமா, உன் சக்களத்தி தாய் வீட்டுக்குப் போய்ட்டாளா?" என்று சபைப் பெண்கள் கேட்டுச் சிரிப்பார்கள். ஜெமிமாவும் கூடச் சிரிப்பாள். வேறென்ன செய்வது.

போன டிசம்பர் ஒன்பதாம் தேதி, மரம் குளிருக்குப் போவதற்கு முந்தின நாள், கிளாட்வின் வந்திருந்தான். உகாதிக்குத் திருப்பதியில் நர்சரிக்காரர்கள் கண்காட்சி நடத்துகிறார்கள். அண்ணன் மரத்தை வைக்கலாமா என்று பார்க்க வந்தவன், உதிராமல் மிச்சமிருந்த இலை ஒன்றைத் தொட்டுப் பார்த்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"தண்டு சூப்பரா கீதுணா. வேர் பிரமாதம். எலதான் ரொம்பப் பெருசு. இத்தினி சின்னத் தொட்டியில பூசணி எல மாதிரி கீது. ஷோவுல வெச்சா ஜட்ஜுங்க சிரிப்பாங்க. என் மரத்துல எல பாதிதான் வருது."

இஸ்ரேல் எழுந்தான். உள்ளே போய்க் கோடாலியோடு வந்தான். மரம் மர ஸ்டூலின் மேல் தொட்டியில் இருந்தது. ஸ்டூலில் மொண்ணைப் பக்கத்தால் ஒன்று போட்டான். "சின்ன எல உடுவியா, மாட்டியா?" இருந்த நாலு இலையும் உதிர்ந்தன. இரண்டாவதும் போட்டான். கோடாலியைத் திருப்பினான். சப்பாத்தி மாவுக் கையோடு ஜெமிமா ஓடி வந்தாள். யோசித்துச் சொல்லவில்லை, பழக்கம் சொல்லிற்று. "வெட்டாதே! வர்ற வருசம் சின்ன எல உடும். நான் ஜாமீன்."

கோடாலி இறங்கியது. ஆனால் இஸ்ரேல் அவளைப் பார்த்த பார்வை இறங்கவில்லை.

"மாமரத்துக்கு நின்ன மாதிரி இல்லமே இது. தம்பி எதிரிலே நின்னுருக்கே. எல பெருசா வந்துச்சு, மரத்தையும் வெட்டுவேன், ஜாமீனையும் வெட்டுவேன்."

அவன் சொன்னால் செய்வான். மாமரத்துக்குக் கொடுத்த ஜாமீன் தவறினால் அடுத்த மரம் இருக்கிறது. இந்த மரத்துக்கு அடுத்தது அவள்தான்.

பிப்ரவரியில் மரம் புளி வாசனையோடு வீடு திரும்பியது. அந்த வாரத்தில்தான் ஜெமிமாவுக்கு ஒரு யோசனை வந்தது. மாந்தோப்புக்காரி யாருக்கும் வரக்கூடிய யோசனைதான். மாமரம் பூக்காமல் கொழுந்து விட்டுக்கொண்டே ஓடினால், வேரில் ஒரு மருந்து ஊற்றுவார்கள். பூ மருந்து என்று பேர். அதை ஊற்றினால் மரம் ஓட்டத்தை நிறுத்தும், கொழுந்து குட்டையாகும், இலை நெருங்கும், பூ வரும். அவள் ஆயிரம் மரத்தில் பார்த்திருக்கிறாள். கொட்டகையில் மீந்த மருந்து கேனில் கிடந்தது. மாமரத்துக்கு ஒரு டம்ளர் என்றால் இதற்கு ஒரு மூடி போதும் என்று கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், இஸ்ரேல் ஆராதனைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு மூடியைச் செம்புத் தண்ணீரில் கலக்கி வேரில் ஊற்றினாள்.

சக்களத்தி மேல் இருந்த எரிச்சல் அந்த மூடியில் ஒரு சொட்டாவது கலந்ததா? கர்த்தருக்குத்தான் தெரியும். கேட்டால் ஜெமிமா இல்லை என்பாள்.

அதே ஞாயிறு மத்தியானம் கிளாட்வின் சாப்பிட வந்தான். போகிறபோது மரத்தின் மண் காய்ந்திருக்கிறதே என்று ஒரு மக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினான். இஸ்ரேல் அதைக் கிணற்றடியிலிருந்து பார்த்தான்.

மார்ச் இரண்டாம் வாரம் மேப்பிள் துளிர்த்தது. இலை ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. இஸ்ரேல் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "பாரு ஜெமி, உன் ஜாமீன் பலிச்சுடுச்சு!" என்று கூவினான். ஜெமி என்று அவன் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. அன்றைக்கு அவள் கறிக்குழம்பு வைத்தாள். அவன் இரண்டாவது தரம் கேட்டு வாங்கித் தின்றான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கொல்லையில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அந்தச் சந்தோஷத்துக்குப் பத்து நாள்தான் ஆயுசு. இலை விட்ட துளிர் நீளவே இல்லை. இலைக்கும் இலைக்கும் இடைவெளி இல்லாமல், மூடிய கை போல முடிச்சு முடிச்சாக நின்றது. இலை சுருங்கி, கருகருவென்று கரும்பச்சையாயிற்று. உகாதிக்கு மூன்று நாள் இருக்கையில், காலையில் பல் தேய்த்தபடி மரத்தைப் பார்க்க வந்த இஸ்ரேல், தேய்ப்பதை நிறுத்தினான். குனிந்து ஒரு துளிரைத் திருப்பிப் பார்த்தான். நாற்பது வருஷ மாந்தோப்புக்காரனுக்கு இதற்கு டாக்டர் வேண்டியதில்லை.

"பூ மருந்து" என்றான்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஜெமிமா எழுந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"தம்பி ஊத்தியிருக்கான். அன்னிக்கு மக்கு எடுத்துக்கினு நின்னானே. அவன் மரம் ஜெயிக்கணும்னு என் மரத்துக்கு ஊத்திட்டான்."

"தம்பி அப்படிச் செய்யாதுங்க" என்றாள்.

"வேற யாரு ஊத்தினா?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

தம்பியிடம் கேட்கத் திருப்பதிக்குப் போக, மரத்தை மினி வேனின் பின்பக்கம் ஏற்றினான். வண்டி கிளம்பினால் கோடாலியும் சீட்டுக்கு அடியில் இருக்கும், அன்றைக்கும் இருந்தது. நானும் வருகிறேன் என்று ஜெமிமா ஏறிக்கொண்டாள். தடுக்கலாம் என்று. வழியில் சொல்லிவிடலாம் என்று.

இஸ்ரேல் கத்தினால்கூடப் பயமில்லை, கத்தி அடங்கிவிடுவான். கீர்த்தனை முணுமுணுத்தான் என்றால்தான் பயம். அன்றைக்குப் பங்காருபாளையத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினான். சித்தூர் வரட்டும், சொல்லிவிடுகிறேன் என்று ஜெமிமா நினைத்தாள். சித்தூர் வந்தது. பூதலப்பட்டு தாண்டட்டும் என்றாள். தாண்டியது. சந்திரகிரியில் டீக்கு நிறுத்தினான், அவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தான். அப்போது சொல்லியிருக்கலாம். நாலு பேர் இருந்தார்கள், அவன் கை ஓங்கினாலும் யாராவது பிடித்திருப்பார்கள். டீயைக் குடித்தாள், டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள், வண்டியில் ஏறினாள். அந்த டீயை அவள் சாகும்வரைக்கும் மறக்கப் போவதில்லை.

நர்சரிக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். வேலைக்காரி கங்கம்மா ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். கிளாட்வின் மண் கலக்குகிற நீட்டு மேஜையின் அருகே நின்று, கண்காட்சிக்குப் போகிற தன் மேப்பிளின் தொட்டியை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் தன் மரத்தைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாணா! ஷோவுக்கு எடுத்தாந்துட்டியா?"

இஸ்ரேல் மரத்தை மேஜையில் நிதானமாக வைத்தான். திரும்பிப் போனான், கோடாலியோடு வந்தான். கிளாட்வினின் சட்டைக் காலரைப் பிடித்து மேஜை மேல் குனிய வைத்தான். தம்பியின் மேப்பிள் சரிந்து விழுந்து தொட்டி உடைந்தது.

"ஊத்தினியா, இல்லியா?"

"இன்னாத்த ஊத்தினேன்? ணா, இன்னாணா—"

மொண்ணைப் பக்கம் தோளில் இறங்கியது. கிளாட்வின் அலறினான். மாமரத்தில் விழுகிற அடிக்கு ஒரு சத்தம் உண்டு, ஜெமிமாவுக்குப் பழக்கமான சத்தம். இந்தச் சத்தம் வேறு.

"பூ மருந்து ஊத்தினியா, இல்லியா?"

"தண்ணி ஊத்தினேன்ணா! ஏசப்பா சத்தியமா தண்ணிதான்!"

இரண்டாவது அடி வலது முன்கையில் விழுந்தது. எலும்பு உடைந்தது எல்லோருக்கும் கேட்டது. கங்கம்மா குழாயைப் போட்டுவிட்டுக் கூச்சலிட்டாள். சாலையில் போனவர்கள் நின்றார்கள். மலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகள் நாலு பேர், வேலிக்கு வெளியே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். இஸ்ரேல் தம்பியின் வலது மணிக்கட்டை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோடாலியை ஒற்றைக் கையில் திருப்பினான். கூர்ப்பக்கம் கீழே பார்த்தது.

கிளாட்வின் கோடாலியைப் பார்க்கவில்லை. ஜெமிமாவைப் பார்த்தான். பதினைந்து வயதில் பார்த்த அதே பார்வை. அவன் முகத்தில் வலி இருந்தது, பயம் அவ்வளவாக இல்லை. அண்ணி இருக்கிறாள், இப்போது சொல்வாள் என்ற தைரியம்.

சொல் நாக்கில் வந்து நின்றது. இருபத்துமூன்று வருஷம் தானாக வெளியே போன சொல். வெட்டாதே என்றால் அவன் கேட்பான், அப்போ யாரு ஊத்தினா என்று. அந்தக் கேள்விக்கு அப்புறம் கூர்ப்பக்கம் யாரைப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அவள் பேசாமல் நின்றாள்.

கோடாலி இறங்கியது.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் எருக் கலவையில் போய் விழுந்தன. அப்புறம்தான், எல்லாம் முடிந்த பிறகுதான், ஜெமிமாவின் வாய் திறந்தது.

"நான்தான்! நான்தான் ஊத்தினேன்! ஒரு மூடி ஊத்தினேன்! தம்பி இல்ல, நான்!"

இஸ்ரேல் திரும்பினான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. ஒன்றும் புரியாதவன் போல மேஜையில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தான், தன் மரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அப்புறம் புரிந்தது. அவன் கை முஷ்டி அவள் தாடையில் விழுந்தபோது பல் நாக்கைக் கடித்தது. செம்பருத்தித் தொட்டிகள் மேல் போய் விழுந்தாள். அவன் கோடாலியை ஓங்கிக்கொண்டு வருவது தெரிந்தது. கண்ணை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. கிளாட்வின், பாதிக் கையோடு, மேஜையிலிருந்து உருண்டு விழுந்து அண்ணன் காலைக் கட்டிக்கொண்டான். ஜாமீன் கீமீன் ஒன்றும் சொல்லவில்லை, பல்லால் கெண்டைக்காலைக் கவ்வினான். இஸ்ரேல் தடுமாறிய அந்த நொடியில் கங்கம்மா மண்வெட்டிக் காம்பால் அவன் மணிக்கட்டில் போட்டாள். இன்னொன்று முட்டியில் போட்டாள். கோடாலி விழுந்தது. அதற்குள் வேலியைத் தாண்டி ஆட்டோக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் அடித்த அடியைப் பற்றி எழுதப் புகுந்தால் உங்களுக்கு இரக்கம் வந்துவிடும். எனக்கு இரக்கம் வரவில்லை.

விரல்களைக் கங்கம்மா துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எருவில் விழுந்ததை ஒட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஜெமிமா கிளாட்வினின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தாடையில் ஏழு தையல். பேசினால் வலித்தது. ஆனாலும் பேசினாள்.

"தம்பி, சொல்லு வாயில வந்துச்சு. நான் சொல்லல."

கிளாட்வின் கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

"தெரியும் அண்ணி. பார்த்துக்கினுதானே இருந்தேன்."

அவன் ஒரு அறை அறைந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ மேலாக இருந்திருக்கும். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழுதாள். அவன் ஆறுதல் சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டான். கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஏதோ பேசுகிறவன் போல, "அண்ணன் மரம் சாவாது. மண்ணக் கழுவி மாத்தணும். ரெண்டு மூணு வருசத்துல மருந்து எறங்கிடும்" என்றான்.

பத்து மணிக்குச் சித்தூரிலிருந்து சபைச் செயலாளர் தியோடர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஆரஞ்சுப் பை. கட்டிலின் கால்மாட்டில் நின்று ஜெபம் பண்ணினார். ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் விஷயத்துக்கு வந்தார்.

"அம்மா ஜெமிமா, கேசு பெருசாப் போட்டாங்கன்னா பல வருசம் உள்ளதான். குடும்பம் இன்னாவும்? சபைக்கு இன்னா பேரு? ஸ்டேஷன்ல போய்ப் பார்த்தேன். இஸ்ரேல் கொழந்த மாதிரி அழறான். ரெண்டு பேரும் கை கலந்தாங்க, கோடாலி தவறி விழுந்துடுச்சுன்னு சொல்லுங்க. இனிமே ஒண்ணும் பண்ண மாட்டான்னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும். எத்தினி தடவ சொல்லியிருக்கே, புதுசா என்ன?"

ஜெமிமா கிளாட்வினின் போர்வையை இழுத்து விட்டாள். தியோடர் ஒரு ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தார்.

பதினொரு மணிக்கு எஸ்.ஐ. வரலட்சுமி, எழுதுவதற்கு ஒரு கான்ஸ்டபிளோடு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் நேராகக் கேட்டார்.

"செப்பண்டி, சொல்லுங்க. பார்த்தவங்க சொன்னது எங்ககிட்ட இருக்கு. அடிபட்டவங்க நீங்க ரெண்டு பேரும் சொல்றது முக்கியம். பெரியவர் இது ஆக்சிடெண்ட்னு சொல்றாரு. கிளாட்வின், மீரு ஏமண்டாரு, நீங்க என்ன சொல்றீங்க?"

கிளாட்வின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். "அண்ணி சொல்லட்டும் மேடம்" என்றான். "அண்ணி இன்னா சொல்லுதோ அதான்."

எல்லோரும் ஜெமிமாவைப் பார்த்தார்கள். தியோடர் கண்ணாலேயே ஊக்கம் கொடுத்தார்.

"மருந்து ஊத்தினது நான் மேடம்" என்றாள் ஜெமிமா. "மொத அத்த எழுதுங்க. வேன்ல வரும்போது சொல்லியிருந்தா இது நடந்திருக்காது. சொல்லல. ரெண்டு அடி விழுந்துச்சு. மூணாவதுக்குக் கோடாலியத் திருப்பினது எனக்குத் தெரிஞ்சுது. திருப்பினா வெட்டுவாங்கன்னு என்னவிட யாருக்குத் தெரியும்? வாயத் தெறக்காம நின்னேன். அதையும் எழுதுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா" என்றார் தியோடர்.

"தவறி விழல. பார்த்து வெட்டினாரு."

கான்ஸ்டபிள் எழுதினார். வரலட்சுமி முன்னால் சாய்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன்மா. உங்க வீட்டுக்காரர் ஜாமீன் கேப்பாரு. மீ அபிப்பிராயம் செப்பண்டி. வெளிய வந்தா மறுபடி இப்படிச் செய்வாரா, மாட்டாரா?"

செய்வாரா, மாட்டாரா. காய்ப்பியா, மாட்டியா. ஜெமிமாவின் தொண்டையில் அந்தப் பழைய சொல் தானாக எழும்பி வந்தது. இனிமே செய்ய மாட்டாரு. எத்தனை தடவை சொன்ன சொல், உதட்டுக்கு வர அவளைக் கேட்கக்கூடத் தேவையில்லை. தியோடர் அது வரப்போகிறது என்று தெரிந்து தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார். ஜெமிமா வாயில் ஊறிய ரத்த எச்சிலோடு அதை விழுங்கினாள்.

"செய்வான் மேடம்" என்றாள். "வெளிய வந்தா மறுபடியும் செய்வான். அதுக்கு நான் ஜாமீன்."

கான்ஸ்டபிள் பேனாவைத் தூக்கிக்கொண்டு எஸ்.ஐ.யைப் பார்த்தார். அந்தம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுது என்றார் வரலட்சுமி. எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டியபோது, ஜெமிமா ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.